ஏ.டி. டயர் போட்டால் ஸ்டீயரிங் உதறுமா?

கேட்டவர் கோவைக்காரர். ஃபார்ச்சூனர், டூ-வீல் டிரைவ், வண்டியோடு வந்த 265/65 ஆர் 17 டயர் தேய்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை உடுமலை தாண்டித் தோட்டத்துக்குப் போகிறார், அங்கே கடைசி நாலைந்து கிலோமீட்டர் மண்ரோடு. மற்றபடி ஓட்டமெல்லாம் சென்னை, பெங்களூர் என்று நான்குவழிச் சாலைதான். எந்த ஏ.டி. டயர் (ஆல் டெரைன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடலாம், ஒரு சுற்றுப் பெரிதாக 265/70 போட்டால் வண்டி எடுப்பாக இருக்குமே, போடலாமா என்று கேட்கிறார். கூடவே, நண்பர் ஒருவர் ஏ.டி. போட்ட நாளிலிருந்து எண்பது தொண்ணூறில் ஸ்டீயரிங் உதறுகிறது, மூன்று இடத்தில் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) பார்த்தும் போகவில்லை, "ஏ.டி. டயர்னா அப்படித்தான் சார்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள் என்கிறார்.

எந்த பிராண்டு என்று கேட்டாலும் அவர் மனதில் இருப்பது வேறு: மண்ரோட்டுக்காக ஆசைப்பட்டு ஹைவே ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்வோமோ என்ற பயம். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். கெடாது. "ஏ.டி. டயர்னா அப்படித்தான்" என்பது தவறான பதில். சத்தம் கொஞ்சம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும், ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி ஒரு நொடி தாமதித்துக் கேட்பது போல இருக்கும். இவையெல்லாம் ஏ.டி. டயரின் குணம். உதறல் அதன் குணம் அல்ல. உதறுகிறது என்றால் டயரிலோ, ரிம்மிலோ, மாட்டிய விதத்திலோ, பேலன்சிங் மெஷினில் ஏற்றிய விதத்திலோ ஏதோ ஒன்று சரியில்லை. டயரும் வீல் அலைன்மென்ட்டும்தான் பல வருடமாக என் தொழில், அதிலும் பெரும்பாலும் எஸ்.யூ.வி.யும் பிக்கப்பும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

டயர் தேர்வுக்கு வருவோம். ஏ.டி. என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி ரகங்கள் விற்கின்றன. ஒன்று ரோட்டு டயரின் எலும்பில் மண்ணுக்கான பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) வெட்டியது. இன்னொன்று எல்.டி. என்று பக்கச்சுவரில் அச்சிட்டு வரும் லைட் டிரக் டயர். அதில் உள்ளடுக்கு அதிகம், எடை அதிகம், சிலவற்றில் பக்கச்சுவருக்கே மூன்று அடுக்கு இருக்கும். பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகம். யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015-ல் அளவைப் பொறுத்து இரண்டு ரகமும் உண்டு. அதனால் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள், டயரைக் கையில் பார்த்து அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு எல்.டி. வேண்டாம் என்பது என் கருத்து. கூரான கருங்கல் பாறையில் ஏற்றி இறக்குபவர், பின்னால் பாரம் கட்டும் பிக்கப்காரர், லடாக் பக்கம் மாதக்கணக்கில் சுற்றுபவர், இவர்களுக்கு எல்.டி. அவசியம். உங்களுக்கு அது ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ கூடுதல் எடை, கூடுதல் குலுக்கல், பிரேக்குக்குக் கூடுதல் வேலை, அவ்வளவுதான். இன்னொரு விஷயத்தைக் கடைகளிலேயே பலர் கவனிப்பதில்லை: அதே பாரத்தைத் தாங்க எல்.டி. டயருக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது கம்பெனி டயருக்கான காற்றளவு. எல்.டி. போட்டுவிட்டு அதே காற்றை வைத்தால் டயர் உள்ளுக்குள் வளைந்து வளைந்து சூடாகும், மே மாத வெயிலில் நீண்ட ஓட்டத்தில் அது நல்லதல்ல.

பாரக் குறியீட்டில் குழப்பமே வேண்டாம். உங்கள் பழைய டயரில் அளவை அடுத்து 112 என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். நான்குக்கும் சேர்த்து கிட்டத்தட்ட நாலரை டன். உங்கள் வண்டி ஆளும் மூட்டையும் நிறைந்தாலும் மூன்று டன்னைத் தொடாது. ஆகவே பழையதில் இருக்கும் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள், மேலே போகத் தேவையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210. நம் சாலைக்கு எஸ்ஸே போதும் என்றாலும், கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எழுத்துக்கு இறங்க வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேற்றைப் பற்றி யோசிப்பதைவிட ஈரத் தார்ச்சாலையைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பேன். ஐப்பசி மழையில் சேலம் தாண்டி நூறில் போகும்போது முன்னால் லாரிக்காரர் பிரேக் அடித்தால் உங்களைக் காப்பது டயர் ரப்பரின் தன்மையும் பட்டனில் இருக்கும் மெல்லிய கீறல்களும்தான். ஈரத்தில் ஏ.டி. டயர் பொதுவாக ரோட்டு டயரைவிட நீண்ட தூரம் போய்த்தான் நிற்கும், அதிலும் பட்டன் பெரிது பெரிதாக, இடைவெளி அகலமாக இருக்கும் முரட்டு ரகத்தில் இது அதிகம். ஆகவே பட்டன் நெருக்கமாக, நடுவில் ஏறக்குறைய தொடர்ச்சியான வரிசையோடு, ஒவ்வொரு பட்டனிலும் கீறல் நிறைந்த மிதமான ஏ.டி. எடுங்கள். ஜியோலேண்டர் ஜி015-ன் எல்.டி. அல்லாத அளவு, அப்பல்லோ ஆப்டெரா ஏ.டி.2, இந்த வகையில் எது உங்கள் ஊரில் புதிய தயாரிப்பாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இவற்றுக்குள் எது ஆயிரம் கிலோமீட்டர் அதிகம் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது ஓட்டுகிறவரின் காலிலும் காற்றழுத்தத்திலும் அலைன்மென்ட்டிலும் இருக்கிறது.

சீமைக்கருவேல முள்ளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதால் சொல்கிறேன். ஏ.டி. போட்டால் முள் ஏறாது என்று நினைக்காதீர்கள். பட்டன் ஆழம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் பட்டன் மேல் ஏறும் முள் பெரும்பாலும் உள்ளே எட்டாது, ஆனால் இரண்டு பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் ரப்பர் மெல்லிசுதான். அங்கே ஏறி நுனி மட்டும் உடைந்து உள்ளேயே நின்றுவிட்டால் நாளுக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இறங்கிக்கொண்டே இருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. டயரைக் கழற்றி உள்பக்கம் விரலில் துணி சுற்றித் தடவினால்தான் மாட்டும்.

தயாரிப்புத் தேதி: டி.ஓ.டி. என்ற எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். ஓர் ஆண்டுக்குள் இருந்தால் நல்லது, நான்கும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் செய்தவையாக இருக்கட்டும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. அதிலிருந்து சில வெளிநாட்டு அளவுகள் வரத்து ஒழுங்கில்லை, பழைய சரக்கு புது விலையில் கைமாறுவது உண்டு. ஆசைப்பட்ட பெயர் என்பதற்காக மூன்று வருடம் கிடங்கில் கிடந்த டயரை வாங்காதீர்கள்.

265/70 பற்றி. 265/65 ஆர் 17-ன் மொத்த உயரம் சுமார் 776 மில்லிமீட்டர், 265/70-ல் சுமார் 803. மூன்றரை சதவீதம் பெரிது. மீட்டரில் நூறு காட்டும்போது பழைய கணக்கைவிட மூன்று நான்கு கிலோமீட்டர் அதிகம் ஓடும். கம்பெனிகள் மீட்டரை எப்போதும் சற்றுக் கூட்டியே காட்ட வைப்பார்கள் என்பதால் இதனால் பெரிய ஆபத்து வராது. தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் அதில் பாதி, 13 மில்லிமீட்டர்தான். அதற்கு விலையாக வண்டியின் இழுவை கொஞ்சம் மந்தமாகும், முழுக்கத் திருப்பினால் மட்ஃப்ளாப்பிலோ உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கிலோ உரசக்கூடும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் அளவு மாற்றத்தைக் காட்டிக் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். உங்கள் மண்ரோட்டுக்கு அந்த 13 மில்லி தேவைப்படாது. கம்பெனி அளவிலேயே இருங்கள். எடுப்பு ஏ.டி. பட்டனிலேயே வந்துவிடும்.

இனி பேலன்சிங். நண்பர் வண்டியின் பிரச்சினையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சக்கரத்தில் ஓர் இடத்தில் 60 கிராம் பாரம் கூடுதல் என்று வையுங்கள். 50 கி.மீ. வேகத்தில் அது இரண்டு கிலோவுக்கும் குறைவான விசையில்தான் அச்சை இழுக்கும், உங்களுக்குத் தெரியாது. 100-ல் அதே 60 கிராம் கிட்டத்தட்ட ஏழு கிலோவாக, வினாடிக்கு 11 முறை, மேலும் கீழும் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். அதோடு, சக்கரமும் சஸ்பென்ஷனும் இயல்பாகத் துள்ளும் வேகம் ஒன்று உண்டு. இரண்டும் 80-லிருந்து 110-க்குள் எங்கேயோ சந்திக்கும்போது உதறல் உச்சத்துக்குப் போகும், அதைத் தாண்டி வேகம் கூட்டினால் சில வண்டிகளில் குறைந்துகூடப் போகும். "தொண்ணூறில் மட்டும் உதறுகிறது" என்று ஆட்கள் சொல்வது இதனால்தான்.

பாரம் சரியாக இருந்தும் உதறும் இன்னொரு வகை உண்டு. டயரின் சுவர் சுற்றிலும் ஒரே விறைப்பாக இருக்காது. உள்ளே துணியும் ரப்பரும் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் சற்று விறைப்பு கூடும். காற்றில் சுழலும்போது இது தெரியாது, வண்டிப் பாரம் அமுக்கும்போதுதான் அந்த இடம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அச்சை மேலே தள்ளும். சாதாரணப் பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றுவதால் இதைப் பார்க்கவே முடியாது. எத்தனை கடை ஏறினாலும் மெஷின் சுழியம் காட்டும், வண்டி உதறிக்கொண்டே இருக்கும். கனமான, பட்டன் ஆழமான டயரில் இந்த வித்தியாசம் சற்று அதிகமாக வருவது உண்மை. "ஏ.டி. டயர்னா அப்படித்தான்" என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பியதாக இருக்கும். ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. ஹண்டர் நிறுவனத்தின் ரோடு ஃபோர்ஸ் மெஷினில் ஓர் உருளை டயரை அமுக்கிப் பிடித்துச் சுற்றி, விறைப்பான இடம் எது, ரிம்மில் தாழ்வான இடம் எது என்று காட்டும். இரண்டையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வரும்படி பொருத்தி மாட்டினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். அந்த மெஷின் எல்லா ஊரிலும் இல்லை. பெரிய கார் கம்பெனிகளின் சர்வீஸ் நிலையங்களில் விசாரித்துப் பாருங்கள்.

மெஷின் இல்லாவிட்டாலும் பாதி வேலையைக் கையால் செய்யலாம். புது டயரின் பக்கச்சுவரில் சிவப்புப் புள்ளியோ மஞ்சள் புள்ளியோ இருக்கும். மஞ்சள் டயரின் இலேசான இடம், அதை வால்வுக்கு நேராக வைக்க வேண்டும். சிவப்பு என்பது நான் மேலே சொன்ன விறைப்பு உச்சமாக உள்ள இடம். ரிம்மில் தாழ்வான இடத்துக்குக் குறி இருந்தால் சிவப்பு அதற்கு நேராகப் போக வேண்டும். இரண்டு புள்ளியும் இருந்து, ரிம்மில் குறியும் இருந்தால் சிவப்புக்கே முதலிடம், குறி இல்லாத ரிம்மில் மஞ்சளை வைத்து மாட்டுங்கள். நம் கடைகளில் பையன்கள் அவசரத்தில் இதைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நின்று சொன்னால் செய்வார்கள்.

அடுத்தது மெஷினில் ஏற்றும் விதம். என் அனுபவத்தில் உதறலோடு திரும்பி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். சக்கரத்தை மெஷின் தண்டில் நடுப்படுத்த ஒரு கூம்பு போடுவார்கள். ரிம்மின் நடுத்துளை அளவுக்குச் சரியான கூம்பை, உள்பக்கத்திலிருந்து போட வேண்டும். ஃபார்ச்சூனரின் நடுத்துளை 106 மில்லி, சாதாரண காரைவிட மிகப் பெரிது. காருக்கான கூம்பு மட்டும் வைத்திருக்கும் கடையில் அது விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும், சக்கரம் ஒரு மில்லி தள்ளி உட்காரும். மெஷின் அந்தத் தவறான மையத்துக்கு ஏற்றபடி மிகத் துல்லியமாக ஈயத் துண்டு ஒட்டச் சொல்லும், நீங்களும் 00 என்ற இலக்கத்தைப் பார்த்துத் திருப்தியாகக் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. 00 காட்டியதும் பூட்டை இளக்கி, தண்டு நகராமல் சக்கரத்தை மட்டும் அரைச்சுற்று திருப்பி, மறுபடி பூட்டிச் சுற்றச் சொல்லுங்கள். சரியாக நடுப்பட்டிருந்தால் மறுபடியும் சுழியம் அல்லது 5 கிராம்தான் வரும். 15, 20 என்று எகிறினால் அந்தப் பேலன்சிங் செல்லாது. இதற்குச் சம்மதிக்காத கடையில் ஏ.டி. டயர் மாட்டாதீர்கள்.

கூடவே நின்று கவனிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பழைய ஈயத்தை முழுக்கப் பிடுங்கினார்களா, ஒட்டும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார்களா, ரிம்மின் உள்பக்கம் கழுவியிருக்கிறதா. டயர் ஓரத்தில், ரிம்மை ஒட்டி, ஒரு மெல்லிய வரி சுற்றிலும் ஓடும். ரிம் விளிம்புக்கும் அந்த வரிக்கும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஓரிடத்தில் உள்ளே மறைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி உட்கார வைக்க வேண்டும். சுற்றும்போது பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூடிரைவர் நுனியை அசையாமல் பிடித்துப் பார்த்தால் டயர் மேலும் கீழும் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஒன்றரை மில்லிக்கு மேல் ஏறி இறங்கினால் ஈயம் ஒட்டிப் பயனில்லை. ஒரு பக்கத்துக்கே நூறு கிராமுக்கு மேல் மெஷின் கேட்டால் நான் ஒட்டமாட்டேன், டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி மாட்டிவிட்டுத்தான் மறுபடி பார்ப்பேன். இந்த நூறு கிராம் என்பது என் பழக்கம், விதி அல்ல. அப்படிச் செய்தாலே பெரும்பாலும் பாதியாகக் குறைந்துவிடும். அதற்கும் அடங்காத டயரை வாங்கிய கடையிலேயே மாற்றித் தரச் சொல்லலாம்.

நண்பர் வண்டி விஷயத்தில், பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லலாம். முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவச் சொல்லுங்கள். கரிசல் மண்ணில் போய் வந்த வண்டியில் உள்ளே அப்பிக் காய்ந்த மண்ணே கால் கிலோ இருக்கும், அது இருக்கும்வரை எந்தப் பேலன்சிங்கும் நிற்காது. அப்புறம் உதறல் எங்கே என்று பாருங்கள்: ஸ்டீயரிங்கில் என்றால் முன்சக்கரம், சீட்டிலும் தரையிலும் என்றால் பெரும்பாலும் பின்சக்கரம். பிரேக் மிதித்தால் மட்டும் என்றால் டிஸ்க், ஆக்சிலரேட்டர் மிதித்தால் மட்டும் என்றால் இன்ஜின் சுழற்சியைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் தேட வேண்டும். வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்றால் அது பெரும்பாலும் அலைன்மென்ட், உதறலோடு அதைக் கலக்க வேண்டாம். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். உதறல் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு மாறினால் குற்றவாளி சக்கரம்தான் என்பது உறுதி. மாறாமல் ஸ்டீயரிங்கிலேயே இருந்தால் பால் ஜாயின்ட், டை ராட், வீல் பேரிங் என்று போக வேண்டும். அவர் வண்டி ஜிம்னி போல முன்பக்கமும் கட்டை ஆக்சில் (இரு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைப்பது) உள்ளது என்றால் இந்தத் தேய்மானங்களை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது, அந்த அமைப்பில் சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். வெளிக்கடை அலாய் போட்டிருந்தால் அதன் நடுத்துளை ஹப்போடு இறுக்கமாகப் பொருந்துகிறதா, அந்த அலாய்க்கு உரிய நட்டுதானா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கூம்பு நட்டு வேண்டிய இடத்தில் தட்டை நட்டைப் போட்டு ஓட்டுவது உதறலோடு நிற்காது, சக்கரமே கழன்றுவிடும் அபாயம் உண்டு.

சக்கரத்துக்குள் மணியோ பொடியோ கொட்டினால் தானாகப் பேலன்ஸ் ஆகிவிடும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், லாரி டயரிலும் மிகப் பெரிய மட் டயரிலும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. உங்கள் அளவு டயருக்கு அதற்கு வேலை இல்லை. விறைப்பு வித்தியாசத்தை அது சரிசெய்யாது.

உங்கள் டயர் மாட்டிய பிறகு முதல் நாள் பலமாக பிரேக் அடிக்காமல் ஓட்டுங்கள், உள்ளே தடவிய சோப்பு காயும்வரை டயர் ரிம்மில் நகர வாய்ப்பு உண்டு, நகர்ந்தால் பேலன்சிங் போய்விடும். நட்டு முறுக்கும் ஏர் கன்னை மட்டும் வைத்து நட்டை முறுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள். எதிரெதிர் நட்டாகக் கையால் இறுக்கி, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு முடிக்கச் சொல்லுங்கள், 50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி இறுக்கம் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் பேலன்சிங்கை மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, அதற்குள் டயர் நன்றாக உட்கார்ந்திருக்கும். பிறகு 8,000 கி.மீ.க்கு ஒருமுறை சக்கரத்தை இடம் மாற்றுங்கள். ஏ.டி. பட்டன் ஒருபக்கம் மட்டும் படிக்கட்டு போலத் தேய ஆரம்பித்தால் பிறகு வரும் ஓங்காரச் சத்தத்தை எந்த மெஷினும் நிறுத்தாது. ஸ்டெப்னியும் அதே அளவு, அதே ரகம் என்றால் அதையும் சுற்றில் சேர்த்து ஐந்தாக மாற்றுங்கள். நண்பரிடம் சக்கரம் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, உதறல் எங்கே போனது, எந்த வேகத்தில் வருகிறது, எந்த ரிம், எந்த நட்டு என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.